எலும்பொட்டிச் சாமியின் எக்ஸ்ரே

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். நொண்டிக்கொண்டு போகிறவர்கள் பின்னால் போனால் போதும். அத்தனை பேரும் எலும்பொட்டிச் சாமியிடம்தான் போகிறார்கள்.

சாமி ஆவதற்கு முன் அவர் பெயர் சுப்பராயலு. மூன்று வருடம் முன்புவரை இதே சாலையோரம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டினார். டியூப்பில் ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு தொட்டித் தண்ணீராவது தேவைப்பட்டது. எலும்புக்கு அதுவும் தேவைப்படவில்லை.

வருகிறவர்கள் கைநாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பட்டதாரிகள். பொது அறிவுப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். தார்ரோட்டில் ஓடி ஓடிக் கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தால், "உன் காலடி மண்ண எவனோ எடுத்துட்டான்" என்பார் சாமி. பட்டதாரிகள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

இசைவாணியும் அந்த வரிசையில்தான் நின்றாள். போன வாரம் திண்டிவனத்தில் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா அவள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினாள். இசைவாணி அலறிவிட்டாள்.

"எட்டு வாரம் ஓடக் கூடாதும்மா. ஓய்வு குடுத்தா எலும்பு தானா சேந்துக்கும். அப்புறம் நான் படிப்படியா ஓட வைக்கிறேன்."

"அஞ்சு வாரத்துல செலக்‌ஷன்க்கா. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லன்னு சொன்னாங்களே!"

"இந்த விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. அதான் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அதுல தெளிவா தெரியுது. மீறி ஓடினா எலும்பு ரெண்டா போயிடும். அப்புறம் செலக்‌ஷன் என்ன, நடக்கவே பேஜாரு."

ஜெசிந்தா சொன்னது புரியாமல் இல்லை. எட்டு வாரம் என்ற சொல்தான் இறங்கவில்லை. சாமி எட்டு நிமிடத்தில் முடிப்பாராம். உண்மை கசக்கும்போது மனசு எவ்வளவு வேகமாகப் பொய்யின் மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது!

சாமிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விரிசல் என்று ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருப்பவர்களைத்தான் தொடுவார். முறிந்து தொங்கும் காலோடு வந்தால், "உனக்கு நேரம் சரியில்ல" என்று அனுப்பிவிடுவார். காலில் விபூதி பூசி, வேப்பிலையால் ஏழு தடவை இழுப்பார். பிறகு பக்கத்துக் கொட்டகைக்கு அனுப்புவார். அங்கே அவருடைய மச்சான் கோகுலகிருஷ்ணன் எக்ஸ்ரே எடுப்பார். அந்தப் படத்தைச் சாமி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்.

"பாத்துக்கோ! ஸ்கேன்ல இருந்துச்சு. இப்ப எங்கடா இருக்குது விரிசல்?"

எங்கேயும் இருக்காது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

மூன்று பேருக்கு இப்படி ஆனதைப் பார்த்தாள் இசைவாணி. நாலாவது படம் உயர்ந்தபோது அவளுக்குள் ஏதோ இடறியது. எல்லாரும் வேப்பிலை இழுத்த பின்னாடிதான் இங்கே படம் எடுக்கிறார்கள். இழுக்கும் முன்னாடி ஏன் ஒருத்தருக்குக்கூட எடுக்கவில்லை?

அவள் முறை வந்தது. சாமி கண்ணை மூடினார்.

"உன்கூட ஓடிக்கினு இருக்கிற பொண்ணு யாரு?"

"கலைப்பிரியாங்க."

"அவதான் மண்ணெடுத்தவ."

கேட்ட உடனே இசைவாணியின் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. வலியோடு மூன்று வாரம் ஓடியது தன் தப்பு இல்லை; கலைப்பிரியாவின் வஞ்சம். எவ்வளவு சௌகரியம்! அந்தச் சௌகரியத்தைக் கண்டுதான் அவள் பயந்தாள். அவளை ஸ்கேனுக்கு ஸ்கூட்டியில் உட்கார வைத்து அழைத்துப்போனதே கலைப்பிரியாதான்.

வேப்பிலை ஏழு தடவை இழுத்து முடிந்ததும் கொட்டகைக்குப் போனாள். படம் எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து, பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துச் சாமியிடம் நீட்டினாள்.

சாமி தூக்கிப் பிடித்தார். "பாத்துக்கோ! எங்க இருக்குது விரிசல்? மறைஞ்சே போச்சு! என் வேப்பிலை இழுத்த இழுப்பு!"

"நல்லா பாத்துச் சொல்லுங்க சாமி. சுத்தமா போயிடுச்சா?"

"சுத்தமா போச்சும்மா. நாளைக்கே ஓடு."

"மேல தேதி இருக்குது. அதையும் படிங்க."

சாமி படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பையன் எட்டிப் பார்த்துப் படித்தான். "இன்னாக்கா இது, ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தேதி போட்டுருக்குது?"

"ஆமா. விழுப்புரத்துல எடுத்தது. அப்ப நான் சாமிய பாத்ததே இல்ல. இன்னிக்கு எடுத்தது இதோ என் கையில இருக்குது. ரெண்டும் ஒண்ணுதான். இந்த விரிசல் எக்ஸ்ரேல மொதல்லயும் தெரியாது. தெரியாதது எப்படி மறையும்?"

கூட்டம் திகைத்தது. சாமி திகைக்கவில்லை. அது தொழில்.

"நீ என்னிய நெனச்ச அன்னிக்கே என் அருள் வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சும்மா!"

"அப்ப நாங்க எதுக்குய்யா வெயில்ல நிக்கிறோம்?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "வூட்ல படுத்துக்கினே நெனச்சிக்கிறோமே!"

கூட்டம் சிரித்தது. வரிசையில் நின்ற தென்னரசு மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம் 'குணமாகி' ஓடியவன். வலி கூடிப்போய் மறுபடி வந்திருப்பதாக வரிசையில் இசைவாணியிடம் புலம்பியிருந்தான். இசைவாணி அவன் முன் குனிந்து, அவன் முழங்காலுக்குக் கீழே அதே எலும்பில் ஒரே ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள்.

"ஐயோ! எடு, எடு கைய!"

"படத்துல போயிடுச்சு. கால்ல இருக்குது பாருங்க" என்றாள் கூட்டத்திடம்.

சிரிப்பு நின்றது. "மச்சானக் கூப்புடு" என்று நாலைந்து பேர் கொட்டகைப் பக்கம் நகர்ந்தார்கள். கோகுலகிருஷ்ணன் பின்வழியாகப் பைக்கை உதைத்தார். சாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அத்தனை பேரில் நன்றாக ஓட முடிந்த கால் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

இசைவாணி கலைப்பிரியாவுக்குப் போன் போட்டாள். "இந்த வருஷம் நீ மட்டும் ஓடுடி. நான் அடுத்த வருஷம் வர்றேன்" என்றாள். சொல்லும்போது கசந்தது. ஆனால் சொன்னது பொய்யில்லை.

சுப்பராயலு வேறு ஊரில் வேறு வேப்பிலையோடு உட்காருவார். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். கும்பிடக் கையைத் தூக்கும் முன், 'முன்னாடி எப்படி இருந்துச்சு?' என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அதற்கு ஸ்கேன் வேண்டாம். தலைக்குள் இருப்பதை ஒரு நிமிடம் உபயோகித்தால் போதும். எலும்புக்குத்தான் ஓய்வு தேவை என்றாள் ஜெசிந்தா. மூளைக்கும் சேர்த்து அவள் சொல்லவில்லை.