தளபதிக்கு ஒரு 'முடியாது'

ஒரு நாட்டுக்கு நல்ல ஜனாதிபதி கிடைக்க வேண்டுமானால், அந்த நாட்டில் முதலில் ஒரு நல்ல குமாஸ்தா இருக்க வேண்டும். இந்தப் பேருண்மையைச் சரித்திர ஆசிரியர்கள் இதுவரை கவனிக்காதது அவர்கள் குற்றமல்ல. நான் இப்போதுதானே எழுதுகிறேன்.

மனுப் பிரிவில், மூன்றாம் மாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷமாக "முடியாது" என்று சொல்லி வருகிறேன். சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எதிரே நிற்பவர் கெஞ்சுவார், கண்ணைத் துடைத்துக்கொள்வார். நம் குரல் இம்மியும் இறங்கக் கூடாது. பேனாவை மூடிவிட்டு, பார்வையை அடுத்த ஆள்மேல் வைத்துவிட்டு, சொல்ல வேண்டும். "ஆபீஸ்ல மட்டும் உங்களுக்கு எங்கேர்ந்துதான் இவ்வளவு தைரியம் வருதோ" என்று என் மனைவி வியப்பாள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மாதாமாதம் முதல் திங்கட்கிழமை ஊன்றுகோல்காரர் ஒருவர் வருவார். பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தவர். இடது கால் முழங்காலோடு சரி. லிஃப்ட் 'அதிகாரிகளுக்கு மட்டும்' என்பதால் எழுபத்திரண்டு படியும் ஏறித்தான் வருவார். மனு வாங்கும் ஜன்னலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள் என்பது அவர் மனு. நான்கு வருஷமாக அதே மனு. நான் "முடியாது" என்பேன். அவர் "சரி, அடுத்த மாசம் வரேன்" என்பார். கோபமே கிடையாது. அருமையான மனிதர். அவருடைய மனு ஒன்றைக்கூடத் தொலைக்காமல் தனி இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் நாடு முழுக்க ஒரே கேள்வி எழுந்தது: ஓய்வுபெற்ற தளபதி நல்ல ஜனாதிபதியாக இருப்பாரா? ஆராய்ந்து சொல்ல ஒரு 'நடுநிலைக் குழு' அமைத்தார்கள். தலைவர் ஒரு சிமெண்ட் வியாபாரி. முதல் கூட்டத்துக்குத் தளபதி வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் உட்காரச் சொல்ல மறந்துவிட்டதால், நடுநிலைமை இரண்டரை மணி நேரம் நின்றுகொண்டே நடந்தது.

தளபதி நேர்மையான மனிதர். அதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவரே குழுவிடம், முப்பத்தைந்து வருஷம் கட்டளை போட்டே பழகிவிட்டேன், ஜனாதிபதி என்றால் நாலு பேர் எதிர்த்துப் பேசுவார்கள், அதைக் கேட்டுக்கொள்ளும் குணம் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை என்றார். எதிர்த்துப் பேச ஓர் ஆளைக் கொடுங்கள், ஒரு மாதம் பழகிப் பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் போட்டியிட மாட்டேன் என்றும் சொன்னார்.

குழு அரசாங்கம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடியது. 'இல்லை', 'முடியாது' ஆகியவற்றில் என் அனுபவத்துக்குப் பக்கத்தில் வர ஆளில்லை. நான் 'சிறப்பு மறுப்பு அதிகாரி' ஆனேன். லிஃப்டில் ஏறும் உரிமையும் வந்து சேர்ந்தது.

தினமும் பத்து மணிக்குத் தளபதியின் அறையில் மறுப்பு. அன்றைய மறுப்புகளைக் குழுவே தட்டச்சு செய்து கொடுத்துவிடும். முதல் நாள் விறைப்பாக நின்று வாசித்தேன்: "நீங்க ஓய்வே எடுக்கறதில்ல சார். இதை நான் வன்மையாக் கண்டிக்கிறேன்."

வெளியே வந்ததும் சிமெண்ட் வியாபாரி என் தோளைத் தொட்டார். "கண்டிக்கிறேன்ங்கறது கொஞ்சம் காரமா இருக்கு. நாளைக்கு வருந்துறேன்னு போட்டுக்கலாம்."

இரண்டாம் வாரம், அவர் தம் வீரத்தைப் பற்றிக் குறைத்துப் பேசுவதை ஏற்க முடியாது என்று மறுத்தேன். மூன்றாம் வாரம், அவர் படம் தபால்தலையில் இன்னும் வராததை ஆட்சேபித்தேன். "இது மறுப்பு இல்லங்க, மாலை" என்று தளபதி அலுத்துக்கொண்டார். அதையும் குறிப்பில் ஏற்றினோம்: 'விமர்சனத்தைத் தாங்குகிறார்.'

கடைசி நாள் அவர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டார்.

"எனக்கு ஒரு யோசனை. மனு ஆபீஸை அஞ்சாவது மாடிக்கு மாத்திடலாம்னு பாக்கறேன். நிஜமாத் தேவை இருக்கறவன் ஏறி வருவான். மத்தவன் கீழேயே நின்னுடுவான். இதுல என்ன தப்பு, சொல்லுங்க."

எனக்கு ஊன்றுகோல் சத்தம் காதில் கேட்டது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். இருபத்திரண்டு வருஷம் சொன்ன சொல்.

"தப்பே இல்ல சார். மொட்டை மாடின்னா இன்னும் நல்லது."

அவர் மடித்த காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என்கிட்ட முடியாதுன்னு சொன்னவன் ஒருத்தன்தான். பாலம் கட்டற பிரிவு. இந்தப் பாலம் தாங்காது, வண்டிய விட முடியாதுன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு அவனைச் சிறையில போட்டிருப்பேன். சந்தேகமா இருந்தா பாருங்கன்னு அவனே பாலத்துல நடந்தான். விழுந்துது. ஒரு கால் போச்சு அவனுக்கு. நாங்க நானூறு பேர் பொழச்சோம். அப்படி ஒருத்தன் பக்கத்துல இருந்தா நான் தைரியமா ஜனாதிபதி ஆவேன். எங்கே இருக்கானோ. உங்க ஆபீஸ்ல எப்பவாவது மனு குடுத்திருக்கானா?"

இழுப்பறை கண்முன் வந்தது. ஆமாம் என்றால், எத்தனை தடவை என்பார். என்ன பதில் சொன்னாய் என்பார்.

"இல்லை சார்" என்றேன்.

அந்த மாதம் முழுவதிலும், காகிதத்தைப் பார்க்காமல் நான் அவரிடம் சொன்ன ஒரே மறுப்பு அதுதான். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது; லிஃப்ட் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

தளபதியும் பாவம், என்ன செய்வார். மறுப்பதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கே ஒரு தப்பும் தெரியவில்லையென்றால் தப்பு இல்லைதான் என்று நம்பிப் போட்டியிட்டார், வென்றார். குழுவின் அறிக்கையில் 'கண்டறியப்பட்ட குறைகள்' என்ற பக்கம் வெறுமையாக, ஆனால் நல்ல தாளில், அச்சாகியிருந்தது.

பதவியேற்ற மறு வாரம் மனுப் பிரிவு என்னோடும் என் ஜன்னலோடும் ஐந்தாம் மாடிக்குப் போனது. முதல் திங்கட்கிழமை ஊன்றுகோல்காரர் நூற்றிருபது படி ஏறி வந்தார். மூச்சு வாங்கி முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. அவர் கையில் இந்தத் தடவை வேறு மனு.

"ஜனாதிபதியை ரெண்டு நிமிஷம் பாக்கணும். ஆபீஸை இங்கே கொண்டுவந்தது தப்புன்னு சொல்லணும். நான் சொன்னா கேப்பாரு. முன்னாடி ஒரு தடவை கேட்டிருக்காரு."

பேனாவை மூடினேன். பார்வையை அடுத்த ஆள்மேல் வைத்தேன்.

"முடியாது."

குரலில் நடுக்கமே இல்லை. தளபதி என்னிடம் ஒரு மாதம் எதிர்பார்த்த அதே சொல், அதே தெளிவோடு. ஆள்தான் மாறிவிட்டது.