ஏணிக்குக் கீழே மென்டர்

அறையின் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அதை ரிப்பேர் பார்க்க வந்த அப்துல் வஹீது, அதற்குக் கீழேயே மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பெண்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது வியாழக்கிழமையாக.

எல்லாம் முதல் வியாழக்கிழமை அவர் போட்டிருந்த சட்டையால் வந்த வினை. வஹீதுக்குக் கோவை உக்கடத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. அன்று மத்தியானம் மச்சான் மகளுக்கு நிக்காஹ். போகிற வழியில் அவினாசி ரோட்டு ஸ்டார்ட்அப் மையத்து ஏசியை ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் அத்தர் மணமுமாக வந்து இறங்கினார். வாட்ச்மேன் நரசிம்மலு ஒரு சல்யூட் அடித்து, "உங்களுக்காகத்தானுங்க காத்துட்டிருக்காங்க" என்று மூன்றாம் மாடிக்கு அனுப்பிவைத்தார்.

ஏசி கெட்டவர்கள் காத்திருப்பது சகஜம்தானே? வஹீது போனார். அங்கே அக்ஷிதா, நிதா என்று இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். தள்ளுவண்டியில் கீரை வாடாமல் இருக்க ஒரு குளிர்பெட்டி செய்து, அதை நம்பி கம்பெனியும் தொடங்கியவர்கள்.

"பெட்டிக்குள்ள குளிரே நிக்கறதில்லீங்கய்யா. ஏனுன்னே தெரியலைங்க" என்றாள் அக்ஷிதா.

வஹீது பெட்டியின் கதவைத் திறந்து மூடினார். "ரப்பர் சரியா ஒக்காரலை கண்ணு. ஒரு பேப்பரை வெச்சு மூடி இழுத்துப் பாரு. சுலுவா வந்துச்சுன்னா, குளிரும் அந்த வழியாத்தான் போகுது."

பேப்பர் சுலுவாக வந்தது. நிதா குதித்தாள். உடனே நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். காபி வந்தது.

"எங்களுக்கு ஆலோசனை சொல்ல மில் ஓனர் ஒருத்தர மென்டரா அனுப்பறோம்னு மையத்துல சொன்னாங்க. மெஷினைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவரா இருப்பீங்கன்னு நெனைக்கலைங்க" என்றாள் அக்ஷிதா.

வஹீது காபி டம்ளரைக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. வேட்டி கட்டிய ஒரு பெரியவர், நரசிம்மலுவின் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க ஏசியப் பாக்கச் சொன்னாங்க" என்றார்.

சரிதான், நேரமாகிவிட்டது என்று வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று வஹீது நினைத்துக்கொண்டார். ஏசிக்கு ஆள் வந்தாயிற்று. இந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஆள் இல்லை. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பெரியவர்களிடம் நேருக்கு நேராகப் பேரைக் கேட்பது அந்தப் பெண்கள் வளர்ந்த வீடுகளில் வழக்கமில்லை. அதனால் வஹீது "ஐயா"வாகவே இருந்துவிட்டார்.

அடுத்த வியாழன் காலையில் மனைவி உம்மல் குல்சும் மறித்துக்கொண்டாள். "ஏனுங்க, கல்யாணந்தான் போன வாரமே முடிஞ்சுபோச்சே. இன்னைக்கு எதுக்கு அத்தர்?"

வஹீது எல்லாவற்றையும் சொன்னார். "முப்பது வருசமா ஊடு ஊடாப் போறேன் குல்சும். எவ்வளவு ஆகும்னு மட்டுந்தான் கேட்டிருக்காங்க. நான் சொல்றத ஒரு புள்ள நோட்டுல எழுதிக்குது."

அவளுக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும், "உண்மையச் சொல்லிப்போட்டு அப்பறம் ஒக்காருங்க" என்றாள்.

அன்றே சொன்னார். "நான் வெறும் மெக்கானிக்தான் கண்ணு."

"இவ்வளவு பெரிய ஆளு இவ்வளவு பணிவா!" என்று நிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வஹீது சொன்ன வாக்கியத்தைப் போர்டில் பெரிதாக எழுதி, சுற்றிக் கட்டமும் போட்டாள்.

மூன்றாம் வாரம், கண்ணால் பார்த்தாலாவது நம்புவார்கள் என்று ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். "முதலாளியே கையில ஸ்பேனர் புடிக்கறாரு" என்ற செய்தி மாடிக்கு மாடி பரவி, சாயங்காலத்துக்குள் ஆறு கம்பெனிக்காரர்கள் அவரைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தலைக்கு மேல் நடந்ததைத்தான் வஹீதால் தாங்க முடியவில்லை. அந்த வேட்டிக்காரருக்கு ஏசியில் ஃபில்டர் எது என்றே தெரியவில்லை. முதல் வாரம் சும்மா குளிராமல் இருந்த ஏசி, அவர் கைபட்டதும் கத்த ஆரம்பித்தது. இரண்டாம் வாரம் ஒழுகியது. மூன்றாம் வாரம் பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும்படி ஆனது. மனிதர் மட்டும் ஒவ்வொரு வாரமும் மலர்ந்த முகத்தோடு ஏணியில் ஏறினார்.

வஹீது அவரை வராந்தாவில் ஓரமாக நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "வடிகால் பைப்பு அடைச்சிருக்குதுங்ணா. கீழ இருந்து உறிஞ்சி எடுங்க. ஆமா, இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனை வருசமுங்க?" என்றார்.

"புதுசுங்க. ஊட்டுல என்னைய ஒரு பல்பு மாத்தக்கூட உடமாட்டாங்க. இங்கதானுங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்லை" என்றார் பெரியவர் சந்தோஷமாக. போய் மேலேயிருந்து ஊதினார். பைப்பின் மறுமுனை, பெண்கள் விரித்து வைத்திருந்த விற்பனைத் திட்டத்தின் மேல் இருந்தது.

பாவம், இந்த வயதில் பிழைப்புக்கு வந்திருக்கிறார் என்று வஹீதுக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. அதுவும் மனிதர் புத்தி இல்லாதவர் இல்லை. பெட்டியின் விலையை எவ்வளவு குறைப்பது என்று பெண்கள் குழம்பியபோது ஏணியிலிருந்தே, "விக்காதீங்க அம்மணி. வாடகைக்கு உடுங்க. கீரைக்காரங்க தெனம் சம்பாதிச்சு தெனம் குடுப்பாங்க" என்றார். "அவர் சொல்றதுதான் சரி" என்றார் வஹீது. பதினைந்து தள்ளுவண்டிகளில் பெட்டி ஏறிவிட்டது. இந்த மூளையை வைத்துக்கொண்டு இவர் ஏணியில் நிற்கிறாரே என்று வஹீதுக்கு ஆற்றாமையாக இருந்தது.

இந்த நாலாவது வியாழனில்தான் நரசிம்மலு மையத்து ஆபீஸ் கொடுத்த ஒரு தாளோடு வந்தார். "மில் ஓனர் பேரெழுதிக் கையெழுத்துப் போடோணுமாமுங்க. இல்லீன்னா புள்ளைக இந்த மாசத்தோட ரூம காலி பண்ணோணுமாம்."

அக்ஷிதா பேனாவை நீட்டினாள். போட்டால் மோசடி. சொன்னால் பிள்ளைகளுக்கு அறை போய்விடும், தனக்கு வியாழக்கிழமைகள் போய்விடும். வஹீது பேனாவை வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் கடை கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதான் கண்ணு நானு. ஏசி ரிப்பேர் பண்ண வந்தவன். நீங்க அய்யான்னதும் சொல்ல மனசு வரலை. மன்னிச்சுப்போடுங்க."



"அப்ப, நீங்க சொன்ன ரப்பரு, பேப்பரெல்லாம்?" என்றாள் நிதா மெதுவாக.

"அதெல்லாம் நெசம் கண்ணு. ஆளுதான் பொய்யி."

அக்ஷிதா கார்டைப் படித்தாள். பிறகு அதைப் போர்டில், கட்டம் போட்ட வாக்கியத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்தாள். "எங்களுக்கு நீங்கதானுங்க மென்டர்" என்றாள். வஹீது மூக்கை உறிஞ்சியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது சரிங்க, இந்தத் தாளுக்கு என்ன பண்றது? அந்த மில் ஓனரு நாலு வாரமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையே" என்றாள் நிதா.

ஏணி கிறீச்சிட்டது. வேட்டிக்காரர் இறங்கி வந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வஹீதிடம் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

"பேனாவ எங்கிட்டக் குடுங்க அம்மணி. ஏசிய இனிமே இவரு பாக்கட்டும்."