பழைய ஓட்டையில்தான் ஆணி

லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இந்தப் பதினைந்து இருபது வருடங்களில் தாலி கட்டியவர்கள், பெயர் வைக்கப்பட்டவர்கள், பரிசு வாங்கியவர்கள், செத்துப்போனவர்கள் எல்லாரும் ஒரே மனிதருக்குக் கீழேதான் அதைச் செய்தார்கள். அவருக்குக் கீழே என்றால், அவருடைய தகரங்களுக்குக் கீழே. மழையோடு இத்தனை காலம் மல்லுக்கட்டி, மழைக்கே அலுப்பு வரவைத்த இன்னொரு ஆளை இந்த மலைநாட்டில் யாராவது காட்டினால், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் தேடினால் கிடைக்கும். எங்களுக்கு அவர் தகரத்து மாமா.

மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, கொழுந்து வாட்டும் மாடியில். அந்த மாடியின் கூரையை ஒருமுறை மாற்றினார்கள். கழற்றிப் போட்ட பழைய தகரங்களில் நாற்பதைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கோழிக்கூடு கட்டப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவரோ ஒவ்வொரு தகரத்திலும் சிவப்பு பெயின்ட்டால் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் எழுதி, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் செங்கல் வைத்து அடுக்கி, அதன்மேல் படங்கு போர்த்தினார். கொழுந்து எடுக்கிற பெண்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிற கனத்த பிளாஸ்டிக் விரிப்புக்குத்தான் எங்கள் பக்கம் படங்கு என்று பெயர்.

"மழைக்குப் பிடிக்கிற தகரத்தையே மழையில நனையாம மூடி வைக்கிறீங்களே மாமா" என்று கேட்டேன்.

"வேலை நாள்ல நனையட்டும். லீவு நாள்லயும் நனையணும்னு அதுக்கு என்னா தலையெழுத்து?" என்றார்.

அப்போது நான் தோட்டத்து வாலிபர் சங்கத்தின் செயலாளர். பொங்கல் விழாவா, கிரிக்கெட் போட்டியா, பாலர் பள்ளிக் கலை நிகழ்ச்சியா, எதற்கும் நான்தான் போய் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாடகை என்று சல்லிக்காசு வாங்க மாட்டார். ஆனால் நிபந்தனைகள் இரண்டு. அவை நீதிமன்றத்தில்கூடக் கேள்விப்படாத நிபந்தனைகள்.

முதலாவது, தகரத்தில் புது ஓட்டை விழக்கூடாது. தொழிற்சாலைக் கூரையில் இருந்தபோது என்னென்ன ஓட்டை இருந்ததோ, அந்த ஓட்டையில்தான் ஆணி அடிக்க வேண்டும்.

சொல்வதற்குச் சுலபம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஓட்டைகள் எல்லாம் கொழுந்து வாட்டும் மாடியின் சட்டங்களுக்காகப் போட்டவை. ஆகவே எங்கள் தோட்டத்தில் எந்தப் பந்தல் போட்டாலும் அது கொழுந்து வாட்டும் மாடியின் வடிவத்திலேயே வந்து நின்றது. நீளமோ நீளம், அகலம் மட்டும் கிடையாது. ஒன்றாம் எண் தகரத்துக்குப் பக்கத்தில் இரண்டுதான் உட்காரும், மூன்றை வைத்தால் ஓட்டை ஒத்துக்கொள்ளாது. அதனால் பாதித் தகரம் எடுத்துச் சின்னப் பந்தல் போடவும் வழியில்லை. நாற்பதும் சேர்ந்து வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. கல்யாணத்துக்கு வந்த சனம் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். முன்னால் தாலி கட்டிய செய்தி வாய்வழியாகக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்து, அவர்கள் அட்சதை போடும்போது மாப்பிள்ளை சாப்பிட எழுந்திருப்பார்.

தோட்டத்துச் சந்தியில் பேக்கரி வைத்திருந்த சிங்கள நண்பர் ஒருவர், வெசாக் பண்டிகையின்போது வருவோர் போவோருக்கெல்லாம் சாப்பாடு போடும் தன்சலுக்காகத் தகரம் கேட்டு வந்தார். மாமாவுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் தேவையானதை மட்டும் கற்று வைத்திருந்தார். "அலுத் ஹில் எப்பா!" புது ஓட்டை கூடாது! அதை மூன்று தரம் சொல்லி, தகரத்தோடு தானும் டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். அந்தத் தன்சலிலும் சனம் நீளமாகத்தான் உட்கார்ந்தது.

எங்கே தகரம் போனாலும் மாமாவும் போவார், நடுப்பந்தலில் நாற்காலி போட்டு உட்காருவார், அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் தலை கீழே இறங்காது. பாடினால் என்ன, ஆடினால் என்ன, அவர் பார்வை பதிமூன்றாம் எண்ணின் ஓரத்தில் திரளும் ஒரு சொட்டு நீரில் இருக்கும். இத்தனை கல்யாணத்துக்குப் போயும் மனிதர் ஒரு மணப்பெண்ணின் முகத்தையாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

"நம்ம டிரைவர் மகன் கல்யாணம் நடந்து எத்தனை வருசம் இருக்கும் மாமா?" என்று கேட்டால், "எது, இருபத்தி ரெண்டு ஒழுகுச்சே, அந்தக் கல்யாணமா?" என்பார். ஊர் வரலாறு முழுவதும் அவரிடம் ஒழுகலாகத்தான் பதிவாகியிருந்தது.

ஒருமுறை பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டிருந்தோம். அவர் ஒலிவாங்கியைப் பிடித்த நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. நாற்பது தகரமும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. முக்கால் மணி நேரம் அசைந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விழா முடிந்ததும் மாமாவிடம் போய்க் குறைபட்டுக்கொண்டேன்.

"செக்ரட்டரி தம்பி, நல்லா யோசிச்சுப் பாருங்க. இந்தத் தகரம் இல்லாட்டி அத்தனையையும் நம்ம கேட்டிருக்கணும்" என்றார்.

இரண்டாவது நிபந்தனைதான் பொல்லாதது. "எந்த விசேசத்துக்குத் தகரம் ஏறியிருந்தாலும் சரி, தோட்டத்துல ஒரு சாவு விழுந்துட்டா கழட்டிக் குடுத்துடணும்." ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம். செத்தவங்க நாள் பார்த்தா சாவுறாங்க? வீடுன்னு இருக்கறதே சின்னக் காம்பரா ஒண்ணு, அதுக்குள்ள பொணத்தைப் போட்டுட்டு, வந்த சனம் மழைக்கு எங்க ஒதுங்கும்?" ஒரு தடவை கிரிக்கெட் இறுதிப் போட்டியில், கடைசி ஓவர் நடக்கும்போது பார்வையாளர் தலைக்கு மேலிருந்த கூரையைக் கழற்றிக்கொண்டு போனார். யார் வென்றார்கள் என்று இன்றைக்கும் தகராறு இருக்கிறது.

இந்த நிபந்தனையால் எங்கள் தோட்டத்தில் ஒரு நல்ல பழக்கம் வந்தது. கல்யாணம் வைத்திருக்கிற வீட்டார் ஒரு வாரத்துக்கு முன்பே வயதானவர்களைத் தேடிப் போய் நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுப்பது, கம்பளி வாங்கிக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று ஒரே உபசாரம். இதில் கொடிகட்டிப் பறந்தவர் மேல் டிவிசனில் இருந்த பேச்சியம்மா. எண்பது தாண்டிய அந்த அம்மாள், எங்கேயாவது பந்தக்கால் நட்டதாகக் காதில் விழுந்தால் போதும், இருமத் தொடங்கிவிடுவார். அடுத்த நாளே கோழி சூப் வரும்.

மாமாவின் ஒரே மகள் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் பாலர் பள்ளி டீச்சர். மாப்பிள்ளை கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிறவர். ஆனி மாதம், அதாவது எங்கள் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற மாதம். மாமா ஒரு வாரம் லீவு போட்டு, தகரங்களைக் கழுவித் துடைத்து, கீழ் டிவிசன் மைதானத்தில் பந்தல் போட்டார். பேச்சியம்மாவுக்கு உடம்புக்குத் தெம்பு தர மால்ட் டின் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனார்.

"ஒன் தகரத்துக்குக் கீழதானடா எல்லாரும் வாழ்ந்தோம். ஒம் மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் நான் சாவ மாட்டேன், போ" என்று பேச்சியம்மா வாக்குக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பேச்சியம்மா போய்விட்டார். இந்த முறை இருமவே இல்லை.

டிவிசன் வேறு, கோயில் வேறு, சொந்தமும் இல்லை, கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அடக்கம் மறுநாள் பின்னேரம்தான். அதுவரைக்கும் சாவு வீட்டுக்குக் கூரை வேண்டும். பேச்சியம்மாவின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே இறங்கி வந்தார்.

"தகரம் கேட்டு வரலைங்க. வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குறோம்."

மாமா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு ஏணியை எடுத்து வந்து சாத்தினார். அதைப் பார்த்ததும் அத்தை ஓடிவந்து ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் கூரை போட்டுட்டு, பெத்த பொண்ணை மழையில ஒக்கார வைப்பீங்களா? நீங்க மனுசனா? பாதியையாவது விட்டு வைங்க!"

"பாதி நிக்காதே, தெரியாதா?" என்றார் மாமா. இத்தனை வருடத்தில் புது ஓட்டை ஒன்று போட்டிருந்தால் அன்றைக்குப் பாதித் தகரமாவது மிஞ்சியிருக்கும். அந்தப் பிடிவாதத்தை நினைத்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கோமதிதான் வந்து தாயின் கையை ஏணியிலிருந்து எடுத்துவிட்டாள். "கழட்டுங்கப்பா. நனைஞ்சா நான் காஞ்சுருவேன். நீங்க சொன்ன சொல்லு நனைஞ்சா காயாது."

பகலுக்குள் நாற்பது தகரமும் மேல் டிவிசனுக்கு ஏறிவிட்டன. நான் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் போன் போட்டுக் கூடாரம் தேடினேன். ஆனி மாதத்தில் ஒரு குடைகூட வாடகைக்கு இல்லை.

மறுநாள் காலையில் கந்தப்பளையிலிருந்து பஸ் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா இறங்கி, வெறும் கம்புகளையும் மேலே கறுத்துக் கிடந்த வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பந்தல் எங்கங்க?" என்றார்.

"சாவு வீட்டுக்குப் போயிருக்குங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். முகூர்த்தம் நெருங்க நெருங்க மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. தாலியை எல்லாரிடமும் காட்டி ஆசி வாங்கிக்கொண்டு வருகிற நேரம் பார்த்து முதல் துளி ஓமத்தில் விழுந்து "சுர்" என்றது.

அப்போதுதான் எங்கள் தோட்டத்துப் பெண்களின் கெட்டித்தனத்தைப் பார்த்தேன். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக வந்திருந்தவர்கள், ஆளுக்கொரு ஷாப்பிங் பையைத் திறந்தார்கள். உள்ளே படங்கு! முந்தின நாளே பேசி வைத்து, கழுவி, மடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நூறு பேர் மணவறையைச் சுற்றி நெருங்கி நின்று, இரண்டு கையாலும் படங்கைத் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றின் ஓரத்தை இன்னொன்றின் மேல் போட்டார்கள். நீலம், ஊதா, கறுப்பு, உரப்பை வெள்ளை என்று கூரை ஒன்று எழும்பி நின்றது. மழை கொட்டியது. எங்கள் தோட்டத்தில் முதன்முதலாக வட்டமாக ஒரு பந்தல். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் தன் கோட்டைக் கழற்றி ஒரு இடைவெளியில் பிடித்துக்கொண்டார்.

மாமா வழக்கப்படி அண்ணாந்து பார்த்தார். "அந்த ஊதாப் படங்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா, ஓரத்துல ஒழுகுது" என்றார்.

"மாமோய்! மேல நாங்க பார்த்துக்குறோம். நீங்க கீழ பாருங்க, தாலி கட்டுறாங்க!" என்று ஊதாப் படங்குக்காரி கத்தினாள்.

மாமா கீழே பார்த்தார்.

மூன்று முடிச்சும் விழுகிறவரை அவர் கண்ணை எடுக்கவில்லை. அவர் முகத்தில் வடிந்ததற்கு எந்தப் படங்கும் பொறுப்பில்லை. முடிந்ததும் மகளின் தலையைத் தொட்டுவிட்டு, ஈர வேட்டியோடு மேல் டிவிசனுக்கு ஏறிப்போய், பேச்சியம்மாவின் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். தகரங்கள் நாற்பதும் படங்கு போர்த்திக்கொண்டு லயத்துக்குப் பின்னால் லீவில் இருந்தன. பேச்சு எங்கெங்கோ போய்க் கோமதியின் கல்யாணத்துக்கு வந்தது.

"அது எந்தக் கல்யாணம் மாமா? எது ஒழுகுச்சு?" என்று சீண்டினேன்.

"அதுவா? எங்க கோமதி அழுதுக்கிட்டே சிரிச்சாளே, அந்தக் கல்யாணம்" என்றார்.

வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். ஹட்டனில் மண்டபம் இருக்கிறது, அலங்காரக் கூடாரம் இருக்கிறது, மகளுக்கும் அதுதான் ஆசை. அவளுக்கு மண்டபத்தைப் பேசிவிட்டேன். ஆனாலும் முன் வரிசையில் ஒரு நாற்காலியை மாமாவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். கான்கிரீட் கூரைதான், ஒழுகாது. இருந்தாலும் அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் தாலியை எடுக்கச் சொல்வேன்.