அன்பளிப்பை ரத்து செய்யக் கோரிய அன்பர்

உலகில் மைத்துனர் மேல் அன்பு வைத்தவர்களுக்குப் பரிசு கொடுப்பதென்றால், முதல் பரிசு நம் கட்டட ஒப்பந்தக்காரருக்கே போக வேண்டும். கூலிப் பாக்கிக்கு வழக்குப் போடுவதாகத் தச்சர் சொல்லிவிட்டுப் போன மறுநாளே அந்த அன்பு பொங்கி எழுந்தது. தம் மாடிவீட்டை 'இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும்' மனைவியின் தம்பிக்குத் தானமாக எழுதிவிட்டார்.

"என்கிட்ட ஒண்ணுமே இல்லண்ணே, கட்டின துணியோட நிக்கிறேன்" என்று தச்சரிடம் அழுதுவிட்டு, அதே வீட்டு மாடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பாவம், அழுத களைப்பு இருக்காதா?

ஒரு வருஷம் போனது. ஒன்றும் தேறாதென்று தச்சரும் வழக்கை விட்டுவிட்டார். "மாப்ளே, வீட்டைத் திருப்பி எழுதிடலாமா?" என்றார் ஒப்பந்தக்காரர்.

மைத்துனர் பதறிப்போனார். "என்ன அத்தான்! ஆசையா குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா உங்க மனசு நோகாதா?"

அடுத்த வாரம் வாசலில் மைத்துனரின் பெயர்ப்பலகை ஏறியது. ஒப்பந்தக்காரர் கார் கொட்டகைக்கு இறங்கினார். வக்கீலைப் போய்ப் பார்த்தார்.

வக்கீல் கையை விரித்தார். "பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி நீங்க கேக்க முடியாது சார். ஏமாந்தவங்கதான் கேக்கணும்."

"நான்தானே ஏமாந்தவன்!"

"நீங்க இல்ல. உங்களுக்காக உழைச்சுட்டுக் காசு வராம நிக்கிறவங்க."

அன்றே ஒப்பந்தக்காரர் தச்சரின் பட்டறைக்கு ஓடினார். "அண்ணே, என் மேல உடனே கேஸ் போடுங்க!"

தச்சர் இழைப்பதை நிறுத்தினார். "வீடு ஏலத்துக்குப் போயிடுமே?"

"போகட்டும்ணே. உங்க பாக்கி போக மிச்சமாவது எனக்கு வரும். அவன்கிட்ட இருந்தா மொத்தமும் போச்சு!"

"உங்களால பாதிப் பட்டறையை வித்துட்டு நிக்கிறேன். நல்லா இருங்க, போடுறேன்."

நீதிமன்றக் கூண்டில் ஒப்பந்தக்காரர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"எழுதிக் கொடுத்ததில் உமது நோக்கம் என்ன?"

"ஏமாத்துறதுதாங்க ஐயா! சத்தியமா வேற நல்ல எண்ணமே கிடையாது!"

"பொய்ங்க ஐயா! அத்தான் தங்கமான மனுஷர்!" என்று மைத்துனர் உருகினார்.

நீதிபதி தங்கத்தை உரசிப் பார்த்தார். பத்திரம் செல்லாது, வீட்டை விற்றுத் தச்சருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஒப்பந்தக்காரருக்கோ ஆத்திரம் அடங்கவில்லை.

"ஐயா, இவனுக்குத் தண்டனை கிடையாதா?"

"எதற்கு?"

"என்னங்க ஐயா இப்படிக் கேக்குறீங்க?" ஒப்பந்தக்காரர் தச்சரின் தோளை உரிமையோடு தட்டிக் காட்டினார். "நான் இவர மாதிரி வெளியாளுங்களைத்தான் ஏமாத்தினேன். அவன் சொந்த அத்தானையே ஏமாத்திட்டானே!"