குடிக்காத கிளிகள்

ஒரு காட்டில், கதவு என்ற ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பு, பொழுது சாயும் வேளையில் ஒரு சத்தம் கேட்கும். குளத்தின் விளிம்பில் நூறு நாக்குகள் ஒரே சமயத்தில் தண்ணீரைத் தொடும் சத்தம். யாரோ தொலைவில் பட்டுத் துணியை மெல்லக் கிழிப்பதுபோல் இருக்கும். கோமதி என்ற கேளையாடு, மான் இனத்தில் சிறியவள், அதைக் குட்டியாக இருந்தபோது, தாயின் வயிற்றோடு ஒட்டி நின்று கேட்டிருக்கிறாள். அதன் பிறகு அந்தக் காடு முன்னேறிவிட்டது.

முன்னேற்றம் இப்படி வந்தது. ஒரு கோடையில் மற்ற ஓடைகளெல்லாம் வற்றி, அந்தக் குளம் ஒன்றுதான் மிஞ்சியது. ராஜாவான புலி அதைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு வாசல் வைத்தார். வாசலுக்கு ஒரு கதவு. கதவுக்கு ஒரு மென்பொருள். மிருகம் வந்து பெயரைச் சொன்னால் மென்பொருள் சரிபார்த்துக் கதவைத் திறக்கும், பிறகு மூடும். வேலிக்குக் காவல் யானைகள். அவற்றுக்கு உள்ளேயே தண்ணீர் கொடுத்திருந்ததால் வேலியின்மீது அவற்றுக்கு மிகுந்த மரியாதை. ராஜாவுக்குப் பின்பக்கம் தனி வழி இருந்தது. அதற்கு மென்பொருள் கிடையாது.

கதவைப் பொதுவில் திறக்கும் முன் சோதிக்க வேண்டும். எந்தக் கருவியால் சோதிப்பது என்பதை அதற்கும் முன் சோதிக்க வேண்டும். இந்த ஒப்பீட்டு வேலைக்குத்தான் கோமதியை அமர்த்தினார்கள். அவளுக்கு மேலாளர் பரந்தாமன் என்ற கழுதைப்புலி. பிறர் வேட்டையைத் தின்று வளர்ந்தவர் ஆதலால், பிறர் வேலையைத் தன் வேலை என்று சொல்வதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

வேலையில் சேர்ந்தவர்களுக்கு வேலிக்கு உள்ளே தண்ணீர் உண்டு. கோமதி குடித்தாள். அவளுடைய தங்கை பவளம் வெளியே இருந்தாள். நிறைசினை. பாறை இடுக்கில் கசியும் ஈரத்தை நக்கிக்கொண்டு, தினமும் வேலியோரம் வந்து நிற்பாள்.

"என்னக்கா, ஆபீஸ்ல என்ன சொல்றாங்க? எப்பத்தான் திறக்கப் போறீங்க?"

"எந்தக் கருவி நல்லதுன்னு பாத்துக்கிட்டு இருக்கோம்டி."

"கருவி எதுக்கு? நான் வந்து நிக்கிறேன். திறந்தா குடிக்கிறேன், திறக்காட்டி திட்டுறேன். இதைவிடப் பெரிய சோதனை என்ன இருக்கு?"

"அதெல்லாம் முறை இல்ல பவளம்."

"அப்ப இந்த வயித்துக்குள்ள இருக்கிறதுகிட்டயும் கொஞ்சம் முறையை எடுத்துச் சொல்லு. உதைச்சுக்கிட்டே கிடக்கு."

"முதல் நாளே உனக்குத் தண்ணி. என் பொறுப்பு" என்றாள் கோமதி.

ஒப்பீட்டுக்கு இரண்டு கருவிகள் வந்தன.

முதலாவது ஒரு மரங்கொத்தி. தானியங்கிச் சோதனைக்காரர். ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும், தினமும் விடியலில் கதவின் அதே இடத்தில் அதே கொத்தைக் கொத்துவார். அதே பெயரைச் சொல்வார். கதவு திறந்தால் பச்சை இலை, திறக்காவிட்டால் பழுத்த இலை போடுவார். ஒரு நாள் கதவை ஒரு சாண் தள்ளி மாட்டிவிட்டார்கள். அவர் வழக்கமான இடத்துக்குப் பறந்து வந்து, வெறும் காற்றைக் கொத்திவிட்டுப் பழுத்த இலை போட்டார்.

"கதவு பக்கத்துல இருக்கே, கண்ணு தெரியலையா?" என்றாள் கோமதி.

"எனக்குச் சொன்ன இடம் இதுதான்மா. பக்கத்துல பாக்கச் சொல்லி யாரும் சொல்லல."

பரந்தாமன் யோசித்தார். கதவைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே மாட்டச் சொன்னார். பச்சை இலை விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

இரண்டாவது ஒரு கிளிக்கூட்டம். அது செயல்திறன் சோதனைக்கு. காட்டிலுள்ள எல்லா மிருகங்களின் பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டு, ஆயிரம் கிளிகள் ஒரே மூச்சில் வந்து இறங்கும். பெயரைச் சொல்லும். கதவு திறக்கும். கிளி பறந்துவிடும். கதவு மூடும். அடுத்த கிளி. முதலில் கதவு திணறிப் பாதியில் மாட்டிக்கொண்டது. கதவைக் கட்டிய தூக்கணாங்குருவிகள் வந்து திருகித் திருகிச் சரிசெய்தன; திறந்த கதவு கண் இமைப்பதற்குள் மூடும்படி செய்தன. பிறகு ஆயிரம் கிளிகளும் ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரத்துக்குள் வந்து போயின.

கிளிகளை விற்க வந்த கிழக்கிளி அலகைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "பாத்தீங்களா சார் வேகத்தை? எந்தக் காட்டுலயும் இப்படி ஒரு ரிப்போர்ட் வராது."

அன்று மாலை கோமதி ஒப்பீட்டு அட்டவணையை மணலில் வரைந்தாள். வேகம், விலை, கற்பதற்கு எளிமை, அறிக்கையின் அழகு என்று வரிசைகள். எழுதி முடித்த பிறகும் ஏதோ உறுத்தியது. கடைசியில் இன்னொரு வரிசை சேர்த்தாள்: 'குடித்தார்களா?'

பரந்தாமன் மூக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது என்ன?"

"சார், கிளிங்க ஒண்ணுகூடத் தண்ணி குடிக்கல. மரங்கொத்தியும் குடிக்கல. கதவு திறக்குது, மூடுது. நடுவுல ஒருத்தர் குனிஞ்சு குடிக்க நேரம் இருக்கான்னு யாருமே பாக்கல."

"கிளிக்குத் தாகம் இருந்தாத்தானே குடிக்கும்? அதுங்க நம்ம செலவுல குடிச்சுட்டுத்தானே வருதுங்க."

"அதான் சார். தாகமா இருக்கிற பத்துப் பேரை நடுப்பகல்ல வரச் சொல்லுவோம். என் தங்கச்சியே வருவா."

"தங்கச்சி கருவியா?"

"இல்ல சார்."

"அப்புறம்? நீ பண்றது கருவிகளோட ஒப்பீடு. இந்த வரிசையில இதுக்கும் 'இல்லை', அதுக்கும் 'இல்லை'. ரெண்டுலயும் ஒண்ணேதான்னா அதை வெச்சு எப்படி ஒப்பிடுவே? வித்தியாசம் காட்டாத வரிசை அட்டவணைக்குப் பாரம்மா."

சொல்லிவிட்டு வாலால் அந்த வரிசையைத் துடைத்தார். கோமதி வாயைத் திறந்தாள். பின்னால் குளம் மெத்தென்று மின்னிக்கொண்டிருந்தது. வேலை போனால் அதுவும் போகும். வாயை மூடிக்கொண்டு, அட்டவணையின் அடியில் குளம்பைப் பதித்தாள். படித்தவள் ஆதலால் பதித்த இடம் நேராக இருந்தது.

எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்விக்கு ராஜா அறிவுக்கூர்மையோடு விடை சொன்னார்: "ரெண்டையும் வாங்கு."

திறப்பு விழா வந்தது. பவளம் விடியும் முன்பே வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் காட்டெருதுகள், புள்ளிமான்கள், முயல்கள், ஒரு கிழட்டுக் கரடி. கரடி பெயரைச் சொன்னது. கதவு திறந்தது. கரடி தலையை நீட்டியது. கதவு மூடியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கரடி அலறியது. "அடுத்து!" என்றன யானைகள். வரிசை ஓடியது. காட்டின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக ஓடிய வரிசை இல்லை.

பவளத்தின் முறை வந்தது. திறந்தது. மூடியது. அவள் திரும்ப வந்து பெயரைச் சொன்னாள். 'இன்றைக்கு உங்களுக்குத் தண்ணீர் வழங்கப்பட்டுவிட்டது' என்றது கதவு.

அவள் வேலியோரம் வந்தாள். குரல் கம்மியிருந்தது.

"அக்கா, தண்ணியைப் பாத்தேன். நல்லா இருக்கு."

"கொஞ்சம் பொறுடி. மேல சொல்றேன். சரி பண்ணிடுவாங்க."

"நீ குடிச்சியா?"

கோமதியின் தாடையில் இன்னும் ஈரம் இருந்தது.

"சரி, விடு. மலைக்கு அந்தப்பக்கம் ஆறு இருக்காம். நான் நடக்கிறேன்" என்றாள் பவளம். வயிறு தரையை உரச, வெயிலில் நடந்து போனாள்.

கோமதி ஓடிப்போய்ப் பரந்தாமனிடம் சொன்னாள். அவர் அப்போது ராஜாவுக்கு அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். நண்பகலுக்குள் காடு முழுவதற்கும் தண்ணீர் வழங்கப்பட்டுவிட்டது. பிழை ஒன்றும் இல்லை. குளத்தில் நீர்மட்டம் ஒரு விரல்கூடக் குறையவில்லை. ராஜா கண் கலங்கினார். இவ்வளவு சிக்கனமான நிர்வாகத்தை அவர் கண்டதில்லை.

நாள் போகப் போக வரிசை சுருங்கியது. சிலர் மலை தாண்டப் போனார்கள், சிலர் மரத்தடியில் படுத்தார்கள். கதவு இன்னும் வேகமாகத் திறந்தது. அந்த வேகத்தைப் பரந்தாமன் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு கருவிகளின் சாதனையாகக் காட்டினார். பக்கத்துக் காடுகள் மூன்று அதே கருவிகளுக்குச் சொல்லி அனுப்பின. கோமதியை ஒப்பீட்டுப் பிரிவின் தலைவி ஆக்கினார்கள். அடுத்த ஆண்டுக்கு மூன்றாவதாக ஒரு கருவி வந்திருக்கிறது, அது மைனா.

பவளம் மலையின் பாதி ஏற்றத்தில், ஆறு இருக்கும் பக்கம் முகத்தை வைத்து இறந்தாள். குட்டி வயிற்றிலேயே இருந்தது.

நீதி: குளம் வற்றாமல் இருக்க வேண்டுமானால், தாகம் இல்லாதவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும்.