இதுல யார் கைவச்சது?

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பழுதான எதைத் திறந்தாலும் இவர்கள் முதலில் பழுதைத் தேடமாட்டார்கள், குற்றவாளியைத் தேடுவார்கள். குழாய்க்காரர் சுவரை உடைத்து உள்ளே எட்டிப் பார்ப்பார், தையல்காரர் சட்டையைப் புரட்டிப் பார்ப்பார், பல் வைத்தியர் உங்கள் வாயைப் பிளக்கவைத்து விளக்கைக் கிட்டே இழுப்பார். பிறகு மூவரும் உச்சுக்கொட்டிவிட்டுக் கேட்பது ஒரே கேள்வி.

"இதுல யார் கைவச்சது?"

வாயைப் பிளந்துகொண்டு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

இந்த இனத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பவர் நம் கைராசிக்காரர். சம்பளம் வாங்குவது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். உயிர் வாழ்வது தன்னைவிட மூத்த ஒரு மோட்டார் சைக்கிளுக்காக. கைராசிக்காரர் என்ற பட்டத்தை அவருக்கு அவரே சூட்டிக்கொண்டார். வேறு யாரும் முன்வரவில்லை.

அன்று மாமனார் தன் ஊருக்குத் திரும்பிப் போயாக வேண்டும். மறுநாள் காலை அங்கே மாமியாருக்குக் கண் ஆபரேஷன். "ஸ்டேஷன்ல நானே கொண்டு விடுறேன் மாமா" என்று மருமகன் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி மாமனாரும் பையைத் தோளில் மாட்டி, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, நாடாவையும் இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். வண்டி உறுமியது, இருமியது, புகைந்தது. நகரத்தான் இல்லை.

"கிளட்ச்சுதான் மாமா. அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிஷம் என்று தொடங்கிய எந்த வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கிறது? மாடிப்படிக்குக் கீழே வீட்டின் நல்ல படுக்கை விரிப்பை விரித்து, மூடியைக் கழற்றி உள்ளே பார்த்த கைராசிக்காரர், பாம்பைக் கண்டவர்போல் துள்ளினார். கிளட்ச்சை நழுவாமல் பிடித்திருக்கும் சர்க்கிளிப், அதாவது வாய் திறந்த அந்த எஃகு வளையம், பள்ளத்தில் சரியாக உட்காராமல் பாதி எழுந்து நின்றது.

"பாருங்க மாமா அநியாயத்தை! இந்த வளையத்துக்கு ஒரு பக்கம் விளிம்பு மழுங்கலா இருக்கும், ஒரு பக்கம் கூரா இருக்கும். கூரான பக்கம் வெளியே பார்க்கணும். அப்பத்தான் பள்ளத்தைக் கவ்விப் பிடிக்கும். தலைகீழா மாட்டியிருக்கான் படுபாவி! யார் இதுல கைவச்சது?"

"போன தடவை நீங்கதானே பிரிச்சீங்க?" என்றாள் மனைவி, ஜன்னலிலிருந்து.

"நான் பார்த்தது ஸ்பிரிங். ஸ்பிரிங் வேற, கிளிப் வேற. உனக்குப் புரியாது."

பிறகு வளையத்தைக் கழற்றி உயர்த்திப் பிடித்தார். மாட்டியவன் படித்திருக்க மாட்டான் என்றார், படித்திருந்தால் பரீட்சையில் காப்பியடித்திருப்பான் என்றார், அவனைப் பெற்றவர்களுக்காக வருத்தப்பட்டார். எப்படி மாட்டக்கூடாது என்று வளையத்தை இப்படித் திருப்பிக் காட்டினார், எப்படி மாட்ட வேண்டும் என்று அப்படித் திருப்பிக் காட்டினார், மாமனாருக்கு ஹெல்மெட்டுக்குள் காது கேட்டிருக்காதோ என்று மறுபடி இப்படித் திருப்பினார். பேச்சு சூடு பிடித்தபோது கை தன்பாட்டில் போய் மாட்டிவிட்டது. எந்தப் பக்கமாக? பழைய பக்கமாகத்தான்.

வண்டி நாலு தெரு கூடும் இடம்வரை ராஜாபோல் போனது. அங்கே 'டணங்' என்றது. இன்ஜின் மட்டும் அலறிக்கொண்டிருக்க, வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டது. மருமகன் முன்னால் இழுக்க, மாமனார் ஹெல்மெட்டோடு பின்னால் தள்ள, ஒரு பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தூரத்தில் ரயில் கூவிக்கொண்டு போனது. மாமனார் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் மூடியைத் திறந்தார். ஒரு முனை பள்ளத்திலும் மறுமுனை வெளியிலுமாகத் தொங்கிய வளையத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"யார் சார் இதுல கைவச்சது? தலைகீழா மாட்டியிருக்கான்."

கைராசிக்காரர் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடியது. விளிம்பைக் குனிந்து பார்த்தார். கூரான பக்கம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் வாய்க்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே!

"எவனோ ஒரு மடையன் சார்! இவனுங்களை எல்லாம் வண்டி பக்கமே விடக்கூடாது."

"கையை ஒடிக்கணும் சார்."

"ரெண்டு கையையும்!"

இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் தலையாட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் மாமனார் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினார்.

"கையை மட்டும் விட்ருங்க தம்பி. அவனை எனக்குத் தெரியும். என் பொண்ணைத்தான் கட்டிக் குடுத்திருக்கேன்."

மெக்கானிக் கைராசிக்காரரைப் பார்த்தார். கைராசிக்காரர் சுவரில் மாட்டியிருந்த டயரைப் பார்த்தார்.

மாமனார் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் போன பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, கேன்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஊர்போய்ச் சேர்ந்தார். மறுநாள் மாமியாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிந்ததும் டாக்டர் அம்மா மாமியாரின் பழைய மூக்குக்கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கேட்டாராம்: "இதை யார் எழுதிக் குடுத்தது?"

மாமனார் கையிலிருந்த பழைய சீட்டை மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டாராம். எழுதிக் கொடுத்த சீட்டில் அந்த அம்மாவின் கையெழுத்துத்தான் இருந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டுப்போட்ட கண்ணோடு மனைவி இருக்கும்போது எந்தக் கணவன் டாக்டரோடு வாதாடுவான்?

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். போன வாரம் பரணிலிருந்து இறக்கிய மூட்டையின் முடிச்சு அவிழாதபோது பல்லைக் கடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? போகட்டும். கட்டியது யார் என்று மட்டும் வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.

சொல்லிவிடுவார்கள்.