இப்ப வருது பாருங்க

சினிமாப் பாட்டு ஓடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஒரு மனித இனம் உண்டு. ஆள்காட்டி விரலைத் தூக்கி, கண்ணை முக்கால்வாசி மூடி, "இப்ப வருது பாருங்க" என்பார்கள். என்ன வருகிறது? பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் நாலு வயலின்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். அவை வந்து போகிற வரைக்கும், எப்படி வருகின்றன என்று இவர்களே விளக்கிக்கொண்டிருப்பதால், வந்ததை யாரும் கேட்டதில்லை. மறுபடி போடுவார்கள். மறுபடி பேசுவார்கள்.

எங்கள் பல் டாக்டர் இந்த இனத்தில் முதல் தரம். தொழிலும் தோதாக அமைந்துவிட்டது. வாயைத் திறந்தபடி, எதிர்த்துப் பேசாமல், எழுந்து ஓடாமல் கிடக்கிற சபை வேறு யாருக்குக் கிடைக்கும்? நம் கன்னத்துக்குள் பஞ்சைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டி, அலமாரி மேலிருக்கும் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, பாடுகிறவர் மேலே சுத்தக் கல்யாணியில் போகிறார், கீழே பேஸ் கிட்டார் மேல்நாட்டுக் கணக்கில் நடக்கிறது, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று மட்டும் கவனியுங்கள் என்று சொல்லிக்கொண்டே கடைவாய்ப்பல்லில் துளை போடுவார். எங்கே சந்திக்கின்றன என்று நமக்கு நன்றாகவே தெரியும். நரம்பில். ஒருமுறை வலி தாங்காமல் அலறிவிட்டேன். மிஷினை நிறுத்தினார். அட, மனுஷருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். "நீங்க கத்தினது காகலி நிஷாதம்," என்றார். "இன்னும் கொஞ்சம் முக்கினா ஷட்ஜத்துல சேந்துடும்."

டாக்டரின் வீட்டம்மா ஒரு பாட்டை முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் அவர் குளிக்கப் போகும் வரை காத்திருப்பாராம். அப்போதும் தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி உள்ளேயிருந்து "இப்ப வருது பாரு" கேட்குமாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றுதான் நானும் இருந்தேன். போன மாதம் அவர் என் வாயில் அச்செடுக்கும் பசையை அப்பி, இறுகும் வரை அசையாதீர்கள் என்று சொல்லியிருந்த நேரம், அவர் மகள் உள்ளே வந்தாள். இசையமைக்கக் கற்றுக்கொண்ட பெண். புதிதாகப் படம் எடுக்கும் யாரோ ஒருவர் மெட்டு கேட்டிருக்கிறார். முதல் வாய்ப்பு.

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்பா. நீங்க கேட்டு நல்லாருக்குன்னு சொன்னாதான் அனுப்புவேன்."

போனில் போட்டாள். வார்த்தையில்லாத வெறும் குரல், நம் பாட்டு வாத்தியார்கள் சொல்லித்தருகிற அதே வளைவுகளோடு எழுந்தது. டாக்டர் விரலைத் தூக்கினார். "இப்ப வயலின் வரும் பாருங்க." வரவில்லை. ஒற்றைப் பியானோ வந்தது, ரொம்பத் தயங்கி, குரலுக்கு வழிவிட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தூக்கிய விரலை இறக்க மறந்து நின்றார் டாக்டர்.

"பிடிச்சிருக்காப்பா?"

அவர் ஒரு ராகத்தின் பெயரைச் சொன்னார். மூன்றாவது வரியில் அந்த ராகத்தில் இல்லாத சுரம் ஒன்று எட்டிப்பார்க்கிறது என்றார். பியானோ அடியில் சேர்த்துக் கொடுப்பது முழுக்க மேல்நாட்டு இலக்கணம் என்றார். அந்த இடத்தில் வயலின் வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை என்றும் கேட்டார்.

"ராகம் எனக்கே தெரியும்பா. நல்லாருக்கா, இல்லையா?"

"அதத்தானம்மா சொல்லிட்டிருக்கேன். அந்தத் தைவதம் இருக்கே..."

"சரிப்பா," என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நல்லாருக்கும்மா, அனுப்பும்மா என்று கத்த வாயெடுத்தேன். வாய் எங்கே இருந்தது எடுக்க? பசை கல்லாய் இறுகியிருந்தது.

கதவு சாத்தியதும் டாக்டர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு மெட்ட நான் கேட்டதே இல்ல சார்," என்றார் என்னிடம். அந்த ஒரு வார்த்தையை அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி மனுஷா!

நான் அந்த ரகம் இல்லை என்று நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. சந்தோஷம். பல்செட் வாங்கப் போன அன்று டாக்டர் வீட்டம்மாவிடம் விசாரித்தேன்; மகள் அந்த மெட்டை அனுப்பவே இல்லையாம். இதைக் கேட்டதும் உங்களுக்கு அந்தப் பெண்ணை நினைத்து மனசு அடித்துக்கொள்கிறதா, இல்லை, அது என்ன ராகம் என்று மட்டும் இந்த ஆள் கடைசி வரை சொல்லவில்லையே என்று உறுத்துகிறதா?